திருடி நட்ட சித்தரத்தை

"இன்னும்" என்றாள் யாழினி.

இரண்டாவது தேக்கரண்டி அப்போதுதான் அவள் வாய்க்குள் போயிருந்தது. மூக்கைப் பிடிப்பதற்குத் தயாராக இடது கையை உயர்த்தி வைத்திருந்தேன். துப்பினால் துடைக்க ஒரு துண்டு தோளில் கிடந்தது. அழுதால் கொடுக்க ஒரு பனங்கற்கண்டுத் துண்டு சமையல் மேடையில் இருந்தது. எதற்கும் வேலை வரவில்லை. உதட்டை நக்கிவிட்டு, வாயை அகலத் திறந்து காட்டி, இன்னும் வேண்டும் என்றாள்.

இரண்டரை வயதுக் குழந்தை கஷாயத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தால் பெற்றவள் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

சித்தரத்தைக் கஷாயம் எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது மார்கழி மாதம் முழுக்க எங்கள் அறையில் நான்கு பேரும் இருமுவோம். ஒருத்தியின் வீட்டிலிருந்து காய்ந்த சித்தரத்தை வரும். தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பாள். தொண்டையில் இறங்கும்போது ஒரு காரம் தெரியும்; அது மூக்கு வழியாக வெளியே வரும்போது இன்னொரு காரம் தெரியும். கண்ணில் தண்ணீர் வராமல் யாரும் அதைக் குடித்ததில்லை.

டம்ளரில் மிச்சமிருந்ததை நான் குடித்துப் பார்த்தேன். நான் போட்டிருந்த கற்கண்டால் இனித்த வெறும் தண்ணீர். தூரத்தில் எங்கேயோ ஏலக்காய் போல ஒரு வாசனை. அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் கிழங்கின் மீதித் துண்டு கிடந்தது. எடுத்துக் கடித்தேன். நார் நாராக வந்தது. காரம் இல்லை.

நான் என் குழந்தைக்கு எதைக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று காலை பதினொரு மணிக்கு என் நிலைமை இதுதான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. யாழினி காலி டம்ளரைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு இருமினாள்.

கேட்டு வாங்கினால் தழைக்காது

அந்தச் செடி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சென்ற வாரம் இதே பத்தியில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்ததை எழுதிய பிறகு, இனி மறைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருக்கிறது எங்கள் வீடு. வயலாக இருந்த இடம் மனையாகி, மனை வீடாகிக்கொண்டிருக்கிற பகுதி. பக்கத்து மனை இன்னும் காலி. என் வீட்டுக்காரர் போலீஸ், வேலை தூத்துக்குடியில். வாரத்துக்கு ஒருநாள் வருவார், சில வாரம் அதுவும் இல்லை. நான் வேதியியல் படித்தவள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு, யாழினி பிறந்ததும் நின்றுவிட்டேன். வீட்டில் நானும் அவளும்தான்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, அச்சன்புதூரில் இருக்கிறார். பெயர் முத்துலட்சுமி. வயல் வேலை, மாடு, ஆடு, சங்கத்துக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்ப்பவர். என்னைக் கண்டால் பிரியம்தான். ஆனால் நான் எதற்கெடுத்தாலும் போனைப் பார்ப்பது அவருக்கு வேடிக்கை. "ஏட்டி சுகந்தி, பிள்ளைக்குப் பசிக்கான்னு அதுலயா போட்டுப் பாக்க?" என்று கேட்பார்.

மதினி வீட்டுக் கிணற்றடியில், துணி துவைக்கிற தண்ணீர் ஓடி நிற்கிற இடத்தில், இஞ்சி மாதிரி இலையோடு ஆள் உயரத்துக்கு ஒரு புதர் இருந்தது. என்ன செடி என்று முன்பொருமுறை கேட்டதற்கு, "சித்தரத்தைல்லா" என்றிருந்தார். அது என் மனதில் உட்கார்ந்துவிட்டது. கடையில் வாங்கும் சித்தரத்தை எந்த மூட்டையில் எத்தனை வருஷம் கிடந்ததோ, எதோடு கலந்ததோ. வீட்டிலேயே ஒரு செடி இருந்தால் குழந்தைக்குச் சுத்தமாகக் கொடுக்கலாம். என் தப்பு ஆரம்பித்தது இந்தச் சுத்தத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் செடி விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலைக் கொடியோ கறிவேப்பிலைக் கன்றோ, கேட்டு வாங்கினால் தழைக்காது. சொல்லாமல் எடுத்துக்கொண்டுபோய் வைத்தால்தான் வேர் பிடிக்கும். எடுக்கிறவர் நன்றி சொல்லக் கூடாது. கொடுக்கிறவர், அதாவது பறிகொடுக்கிறவர், பார்த்தாலும் பார்க்காததுபோல் இருந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் செடி வரும்.

கேட்டு வாங்கிய கிழங்கா, திருடிய கிழங்கா என்று மண்ணுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கேட்கவில்லை. கேட்டு, அது பட்டுப்போனால் என்ன செய்வது என்று யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, குழந்தைக்குக் கால் கழுவி விடுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனேன். காய்கறி வெட்டும் சின்னக் கத்தியை முந்தானைக்குள் வைத்திருந்தேன். ஒரு முளையைக் கிழங்கோடு அறுத்து எடுத்து, இலையை மடக்கி, டயாப்பர் பைக்குள் திணித்தேன். பைக்கில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவர், "என்ன, பச்சை வாசனை அடிக்குது" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வயல் வாசனை என்று சொன்னேன். போலீஸ்காரரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

செடி தழைத்தது. காலி மனையை ஒட்டிய பக்கச் சுவரோரம், தெருவைப் பார்த்த மூலையில், ஒரே வருஷத்தில் பெரிய தூராகிவிட்டது. திருட்டுக்கு வேர் உண்டு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

போனில் இரண்டும் ஒன்று

அன்று காலைக்கு வருகிறேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். இலையைப் பறித்துக் கசக்கினேன். வாசனை வந்தது. ஆனால் வாசனை வருகிற இலைகள் நூறு உண்டு. போனில் சித்தரத்தை என்று போட்டால் பத்துப் படம் வந்தது. அதில் மூன்று என் செடி போலவே இருந்தன, நான்கு இல்லை, மூன்றைப் பற்றி முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு வீடியோவில் ஒருவர் என் செடியைக் காட்டி இது சித்தரத்தை என்றார். இன்னொருவர் அதே செடியைக் காட்டி, இதைச் சித்தரத்தை என்று ஏமாற்றி விற்கிறார்கள், இது அழகுக்கு வைப்பது என்றார். இரண்டு பேருமே உறுதியாகத்தான் பேசினார்கள்.

யாழினி முகத்தைப் பார்த்தேன். சிவந்திருக்கிறதா? மழைக் குளிருக்கு அவள் கன்னம் எப்போதும் கொஞ்சம் சிவக்கும். நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். நேற்று அவள் நாக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. யாருக்குத்தான் இருக்கும்?

மீதிக் கிழங்கையும் ஒரு முழு இலையையும் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

தென்காசியில் நாங்கள் வழக்கமாகக் காட்டுகிற குழந்தை டாக்டர் அதிகம் பேசமாட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"சளி சாதாரணச் சளிதான். கஷாயம் எவ்வளவு குடுத்தீங்க?"

"ரெண்டு தேக்கரண்டி சார்."

"என்ன செடி?"

"சித்தரத்தைன்னு நெனச்சுக் குடுத்தேன்."

"நெனச்சது சரி. என்ன செடி?"

பையை மேசைமேல் வைத்தேன். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கு இது வாழைக்குத் தம்பி மாதிரி இருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "இப்ப பிள்ளை நல்லா இருக்கா. வாந்தி, தடிப்பு, தூக்கக் கலக்கம், மூச்சு வாங்குறது, ஏதாவது இருந்தா உடனே தூக்கிட்டு வாங்க. ஆனா செடி பேர் தெரிஞ்சா எனக்கு வேலை சுலபம். யார் குடுத்தாங்களோ அவங்ககிட்டக் கேட்டு போன்ல சொல்லுங்க."

"யாரும் குடுக்கல சார்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அப்ப தானா வந்துச்சா?"

நிமிர்ந்தால் மருந்து

இந்த இடத்தில் நான் மதினிக்கு போன் செய்திருக்க வேண்டும். படிப்பவர்களும் அதைத்தான் நினைப்பீர்கள். பிள்ளை விஷயம், இதில் என்ன மானம் என்று. அப்போது எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றிய பிறகும் நான் ஆட்டோக்காரரிடம், "ஐந்தருவி ரோட்டுக்கு விடுங்க அண்ணாச்சி" என்றேன்.

எனக்கே இது சரியாக விளங்கவில்லை. உங்கள் வீட்டில் திருடினேன் என்று சொல்வது கஷ்டம் என்பது ஒரு பகுதி. திருடியதையும் தப்பாகத் திருடினேன் என்பது இன்னொரு பகுதி. அதைக் கிழங்கோடு அறுத்து வந்து, பெயர்கூடக் கேட்காமல், அவர் தம்பி மகளுக்குக் கொடுத்தேன் என்பதுதான் மிச்சப் பகுதி.

சீசன் நேரம். குற்றாலத்துச் சாலையில் வெளியூர் வேன்கள் ஒன்றின்பின் ஒன்றாக நின்றன. ஈரத் துண்டைத் தலையில் கட்டிய ஆண்கள் எண்ணெய் மினுங்க நடந்துபோனார்கள். மிளகாய் பஜ்ஜி வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் சாரலில் கலந்து வந்தன. ரம்புட்டான் குவியலைப் பார்த்து யாழினி, "பந்து" என்றாள். அவள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். மத்தியானம் அவள் தூங்குகிற நேரம் அது. தூக்கம் வருகிறதா, தூக்கக் கலக்கமா என்று பிரித்தறிய எனக்குத் தெரியாது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் செடி விற்கிற ஒருவர் இருக்கிறார். பச்சை வலைக்குக் கீழே வரிசையாகப் பைச்செடிகள். ஐம்பது வயதிருக்கும், குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழையிலா என்று கேட்டேன்.

"மழை இலைக்கு. தண்ணி வேருக்கு" என்றார்.

பையிலிருந்த இலையை நீட்டினேன். தடவிப் பார்த்தார். ஓரத்தைக் கிழித்து முகர்ந்தார்.

"இலை அகலமா இருக்கு. சித்தரத்தை இம்புட்டு அகலம் வராது. ரெண்டு விரக்கடை, மூணு விரக்கடை. ஆனா நல்ல நெழல்ல, தண்ணி கெடக்குற எடத்துல நின்னா அதுவும் கொஞ்சம் அகலும். எங்கன வச்சிருக்கீங்க?"

"சாக்கடைத் தண்ணி ஓரம்."

"பின்ன என்ன, பெருத்திருக்கும்."

கிழங்கைக் காட்டினேன். நகத்தால் கீறி நாக்கில் வைத்தார். "காரம் கம்மி. இளங்கிழங்கா இருந்தாலும் கம்மியாத்தான் இருக்கும்."

"அப்ப எதுதான் அண்ணாச்சி இது?"

"பூத்துச்சா?"

"இன்னும் இல்ல."

"பூக்கட்டும், சொல்லுதேன். சித்தரத்தைக்குப் பூங்கொத்து நிமிந்து நிக்கும். வெள்ளைப் பூ, உள்ள செவப்புக் கோடு. இன்னொண்ணு இருக்கு, ஷெல் ஜிஞ்சர்னு பங்களாக்காரங்க வாங்குவாங்க. அது கொத்துத் தொங்கும். மொட்டு சோழி மாதிரி வெள்ளையா, நுனில ரோஸ் கலர்ல இருக்கும். அதே சாதிதான், அண்ணந்தம்பி மாதிரி. நிமிந்தா மருந்துக்கு, குனிஞ்சா அழகுக்கு. அம்புட்டுதான் கணக்கு."

"பூக்க எத்தனை நாளாகும்?"

"அது உங்க செடிட்டல்லா கேக்கணும்" என்று சிரித்தார். பிறகு என் இடுப்பிலிருந்த குழந்தையையும் என் கையிலிருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "பிள்ளைக்குக் குடுத்துட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"தாய்ச்செடி எங்கன நிக்குதோ அங்கன பூத்திருக்கும்லா. அவங்களுக்கு ஒரு போனைப் போடுங்கம்மா மொதல்ல" என்றார்.

கிணற்றடியில் நின்றவர்

சாலையோரத்தில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து போன் செய்தேன்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"தம்பி ஏதும் சண்டை போட்டானா?"

"இல்ல மதினி. உங்க கிணத்தடில இருந்து ஒரு முளை எடுத்துட்டு வந்தேன். போன வருஷம்."

அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. மதினி அதை அதட்டிவிட்டு வந்தார்.

"இதச் சொல்லவா போன் போட்ட? நான்தான் பாத்தேனே."

"பாத்தீங்களா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தேன். நீ குனிஞ்சு நின்னு அறுக்க. பிள்ளை என்னையப் பாத்துச் சிரிக்கா. நான் அப்படியே திரும்பிப் போயிட்டேன். நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு. நீங்க ஏன் அப்பவே சொல்லல மதினி?"

"சொன்னா தழைக்குமாட்டி?"

நான் மற்றதைச் சொன்னேன். கஷாயம், காரமில்லாதது, டாக்டர் கேட்டது எல்லாம் ஒரே மூச்சில். மதினி குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை.

"அது சித்தரத்தைதானா மதினி?"



"ஏட்டி, அங்கன ரெண்டு நிக்குது. ரெண்டும் பின்னிக் கெடக்கும், பாத்தா ஒரே பொதர் மாதிரி இருக்கும். செங்கோட்டைல எங்க சம்பந்தி வீட்டுல இருந்து எடுத்தது. ரெண்டு முளை எடுத்தேன், ரெண்டும் ஒண்ணுன்னுதான் நெனச்சேன். வளந்த பெறகு பாத்தா பூ வேற வேற."

"அவங்ககிட்டக் கேக்கலையா?"

"எடுத்ததே அவங்களுக்குத் தெரியாது. பெறகு என்னன்னு கேக்க?"

எனக்கு அப்போது சிரிப்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. செங்கோட்டையில் அந்தச் சம்பந்தி எங்கிருந்து எடுத்தாரோ. வீடு வீடாகச் செடி வந்திருக்கிறது. பெயரைக் கேட்க எந்த வீட்டிலும் வழியில்லை.

"நீங்க அதுல கஷாயம் வச்சுக் குடிச்சிருக்கீங்களா மதினி?"

"நான் எதுக்கு? எனக்கு வேணும்னா கடையில வாங்கிக்கிடுவேன்."

"நான் எடுத்தது எந்தப் பக்கம்?"

"தொட்டி பக்கம். தொங்குது பாரு, சோழி மாதிரி, அந்தச் செடி."

குனிந்தது. அழகுக்கு.

"பயப்படாத. அத நம்ம ஆடு ரெண்டு வருஷமா திங்குது. ஒண்ணும் ஆவல. ஆடு தின்னா ஆளும் திங்கலாம்" என்றார் மதினி.

ஆடு எருக்கிலையையும் தின்னும் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை.

மூன்று மணி முதல் ஆறு மணி வரை

டாக்டருக்கு போன் செய்து ஷெல் ஜிஞ்சர் என்ற பெயரைச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். அது விஷச்செடி என்று எதிலும் இல்லை, சில நாட்டில் அந்த இலையில் பலகாரம் சுற்றி அவிக்கிறார்களாம் என்றார். "அதுக்காக நீங்க அவிக்க வேண்டாம். இனி ரெண்டரை வயசுக்கு இந்தக் கஷாயமும் வேண்டாம், அந்தக் கஷாயமும் வேண்டாம். சாயந்தரம் வரைக்கும் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டேன். வேறெந்த வேலையும் செய்யவில்லை. மூன்று மணிக்கு யாழினி தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதினேன். சரியான எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்கப் போனை எடுத்தேன். அன்றைக்கு அதைத் திறக்கப் பிடிக்காமல் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்தரை மணிக்கு எழுந்தாள். பிஸ்கட் கேட்டாள். கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் வாயில் திணித்தாள். இருமினாள். அது பழைய இருமல்தான். ஆறு மணிக்கு அவர் போன் செய்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுச் செடி பேரு தெரிஞ்சுது" என்றேன்.

இருமல் அந்த வாரத்திலேயே போனது. கஷாயத்தாலா, தானாகவா, டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பாலா என்று என்னால் சொல்ல முடியாது. மதினியிடம் கேட்டால் ஆட்டைச் சொல்வார்.

மறந்து வைத்த பை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. குழந்தையைக் கொஞ்சினார், சாப்பிட்டார், என் சாம்பாரில் புளி அதிகம் என்றார், கிளம்பினார். பை பின்பக்கக் குழாயடியில் இருந்தது.

"மதினி, பையை விட்டுட்டுப் போறீங்க."

"எந்தப் பை?" என்றார் வாசலில் நின்று. செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு இப்ப எல்லாம் மறந்துபோவுதுட்டி" என்றார்.

உள்ளே ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு முளை. கிழங்கின் ஓரத்தைக் கீறி நாக்கில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

இப்போது இரண்டும் என் வீட்டுச் சுவரோரம் நிற்கின்றன. வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது; தெரிந்த பிறகு, முன்பு ஏன் தெரியவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. சித்தரத்தை இலை ஒடுக்கம், நுனி கூர்மை, கசக்கினால் மூக்கில் ஏறும். மற்றது இலையை வீசிப் போடும், கசக்கினால் வாசனை விரலோடு நின்றுவிடும். சித்தரத்தைத் தண்டு கரும்புத் தூர் போல நெருக்கமாக எழும். மற்றது சாய்ந்து இடம் பிடிக்கும். கிழங்கிலும் அப்படித்தான். ஒன்று விரல் கனத்தில் இறுக்கமாக, உடைத்தால் டக்கென்று சத்தம் வரும். மற்றது பருமனாக இருந்தும் உள்ளே நார்.

மற்றது இந்த வருஷம் பூத்தது. கொத்து தொங்கியது. பன்னிரண்டு பதின்மூன்று மொட்டுகள், வெள்ளைச் சோழி போல, நுனியில் ரோஸ். ஒவ்வொன்றாகத் திறந்தபோது உள்ளே மஞ்சளும் சிவப்புக் கோடுகளும். நியாயமாகச் சொன்னால், சித்தரத்தைப் பூவைவிட இதுதான் அழகு. சித்தரத்தைப் பூவைக் குனிந்து தேடிப் பார்க்க வேண்டும்; இதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. மருந்து என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

பிடுங்கிப் போடலாமா என்று இரண்டுமுறை மண்வெட்டியோடு போனேன். இரண்டுமுறையும் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன்.

எதிர்வீடு

போன மாதம் ஒருநாள் காலையில் மற்றச் செடியின் தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. மண் ஈரமாக, புதிதாக. கத்தியால் அறுத்த வெட்டு. நேர்த்தியான வேலை. என்னைவிட நன்றாக அறுத்திருந்தார்கள்.

பக்கச் சுவர் தாழ்வு. காலி மனை வழியாக யாரும் வரலாம். ஆனால் முந்தின நாள் எதிர்வீட்டு மாலதி சுவருக்கு வெளியே நின்று, "இது என்ன செடி அக்கா, மருந்துச் செடி மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாள். குக்கர் விசில் அடித்ததால் நான், "ஆமா, சித்தரத்தை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடியிருந்தேன். எதைக் காட்டிக் கேட்டாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மாலதிக்கு ஏழு மாதக் குழந்தை. இரண்டு நாளாக அந்த வீட்டிலிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

போய்க் கேட்கலாம். என்ன என்று கேட்பது? எங்கள் வீட்டுச் செடியைத் திருடினாயா என்றா? இல்லை என்றுதான் சொல்வாள். சொல்லியே ஆக வேண்டும். பிறகு அவளுக்கு எப்போது சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்து கேட்கவே முடியாமல் போய்விடும். ஒருவேளை எடுத்தது அவளே இல்லாமலும் இருக்கலாம். நான் வாசல்வரை இரண்டுமுறை போய்த் திரும்பினேன்.

பெயின்ட் வாளியின் வெள்ளை மூடி ஒன்று கிடந்தது. நேர்க்கோட்டில் வெட்டி, மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன்.

'இது சித்தரத்தை இல்லை. அழகுக்கு மட்டும். குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.'

கம்பியில் கோத்து, சுவருக்கு மேலே தெரிகிற மாதிரி மற்றச் செடியில் கட்டினேன். கட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நின்று, எதிர்வீட்டு வாசலிலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. அப்படியும் மனது கேட்காமல், "யாழினி, அட்டையைத் தொடக் கூடாது, அது சித்தரத்தை இல்லன்னு எழுதியிருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். யாழினி அட்டைக்குப் பக்கத்திலேயே இல்லை. வீட்டுக்குள் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மாலதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனாள். திரும்பி வந்தபோது கையில் மருந்துக் கடைக் கவர் இருந்தது.

"டாக்டர்ட்ட காட்டிட்டு வந்தியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. சும்மா சளிதானாம்." கேட்டைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "கஷாயமெல்லாம் ஒண்ணும் குடுக்கல" என்றாள்.

நான் அதைப் பற்றிக் கேட்டிருக்கவே இல்லை.

மறுநாள் காலையில் செடியில் அட்டை இல்லை. கம்பியும் இல்லை. காற்றில் விழுந்ததோ என்று சுவரோரம் முழுக்கத் தேடினேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டுப் பக்கவாட்டில், வாஷிங் மெஷின் தண்ணீர் விழுகிற இடத்தில், புதிதாக நட்ட ஒரு முளை நின்றது. இரண்டே இலை. அதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி. குச்சியில், என் கையெழுத்தில், இது சித்தரத்தை இல்லை.

மாலதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். நான் சட்டென்று திரும்பி, எதையும் பார்க்காதவளாக என் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.